வெயில் ஏறினால் சத்தம் போடும் பானெட்

உலகம் தோன்றியதிலிருந்து இன்றுவரை சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அசுரர்களின் தச்சன் மயன். இன்னொருவர் சேலையூர் கேம்ப் ரோட்டில் ரேஷன் கடைச் சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் சாமுண்டீஸ்வரி அக்கா. இதில் மயனுக்கு அலுமினியம் தெரியாது. ஆக, மிச்சம் ஒருவர்தான்.

இதைப் பாசத்தில் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கும் அக்காவுக்கும் மூன்று வருஷப் பகை. அக்கா பட்டறைக்கு அடுத்த சுவர் ஜெராக்ஸ் கடை. அங்கேதான் எனக்கு வேலை. பெயர் சத்யப்ரியா, வயது பதினேழு, படிப்பு பிளஸ் ஒன்னில் பாதி. பள்ளிக்கூடம் போய்க்கொண்டே சாயங்காலங்களில் கடைக்கு வந்த காலத்தில், முதல் வாரமே, பட்டறை வாசலில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, அக்கா குனிவதைப் பார்க்கக் காத்திருந்தேன். அக்கா குனியவில்லை. காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாள் என் டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. மூடி விளிம்பில் நாலு இடத்தில், வெளியே தெரியாத மாதிரி நாலே தட்டு. ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் குறடு வாங்கி வந்து நெளித்துத் திறந்தேன். புளிசாதம் என்பதால் கெடவில்லை.

"இன்னாக்கா இது?" என்று பட்டறையில் போய் நின்றேன்.

"காசுக்குக் குனிஞ்சா எனக்கு முதுகு வலிச்சிருக்கும். டிபன் தொறந்து உனக்குக் கை வலிச்சிது. சரியாப் போச்சு, போ."

அக்கா கத்த மாட்டார், திட்ட மாட்டார், ஊரைக் கூட்ட மாட்டார். திருப்பிக் கொடுப்பார். அளந்து கொடுப்பார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

இது அக்காவின் பிறவிக் குணம். கானத்தூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். அம்மா அலுமினிய அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றவர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு கண்டக்டர் "நாத்தம் தாங்கல" என்று அந்த அன்னக்கூடையைப் படியிலிருந்து காலால் தள்ளிவிட்டார். மீன் போனது. கூடை ஒடுங்கிப்போனது. அன்றைக்கே அக்கா ஒரு உருண்டைக் கல்லைத் துணியில் சுற்றி, உள்பக்கமிருந்து தட்டித் தட்டி அந்த ஒடுக்கை எடுத்தார். அக்கா செய்த முதல் அலுமினிய வேலை அது. இரண்டாவது வேலை மறுநாள் தொடங்கியது. தினமும் காலையில் அதே பஸ் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்று கை காட்டுவார். பஸ் நிற்கும். கண்டக்டர் "ஏறு, ஏறு" என்பார். "ஏறல" என்பார் அக்கா. ஒரு மாதம் முழுக்க. கடைசியில் அந்தக் கண்டக்டர் ரூட் மாற்றி வாங்கிக்கொண்டு போனதாக அக்கா சொல்வார். நான் நம்புகிறேன்.

கல்யாணமாகி சேலையூர் வந்த பிறகு, பல்லாவரத்தில் கல்யாண சமையல் பாத்திரங்கள் அடிக்கும் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை. பிறகு சொந்தப் பட்டறை. இட்லிக் கொப்பரை, அண்டா, அன்னக்கூடை, எது ஒடுங்கினாலும் அக்காவிடம் வரும். கார் வந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால்.

நாவலூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஷெட் ஒன்று இருக்கிறது. அங்கே மெக்கானிக்காக இருக்கும் குணா அண்ணன் ஒரு நாள் ஒரு கார்க் கதவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பந்தயக் கார் அது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளை அலுமினியத் தகட்டால் போர்த்தினார்களாம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எல்லா டிங்கரிங் கடையிலும் அந்தக் கதவைக் காட்டியாகிவிட்டது. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் எதுவும் காட்டாது, திடீரென்று ஓட்டை விழும். இரண்டு பேர் ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தார்கள்.

அக்கா கதவைத் தரையில் போட்டார். துணி துவைக்கும் சோப்பை எடுத்து ஒடுக்கைச் சுற்றிலும் கோலம் போடுவதுபோல் தேய்த்தார். கீழிருந்து நெருப்பைக் காட்டினார். சோப்பு பழுத்து, கறுத்தது. கறுத்த அந்த நொடியில் நெருப்பை எடுத்துவிட்டார்.

"இப்ப அப்பளம் மாரி கீது பாரு. எப்படி வேணா வளையும்," என்றார்.

குணா அண்ணன் அந்தச் சோப்புத் துண்டைக் கைக்குட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு போனாராம். அவரே சொன்னது.

அப்படித்தான் அந்த ஷெட்டின் முதலாளி ஸ்ரீவத்சன் சாருக்கு அக்கா வேலை செய்ய ஆரம்பித்தது. 'சார்' என்றுதான் எழுதுவேன். மரியாதை இல்லாமல் எழுதினால் கோபத்தில் எழுதியது என்று தள்ளிவிடுவார்கள்.

ஸ்ரீவத்சன் சார் ஒரு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வாங்கியபோது அதில் இன்ஜினும் இரும்புச் சட்டமும்தான் இருந்தன. உடம்பே இல்லை. பழைய போட்டோ நாலு இருந்தது. அந்த நாலு போட்டோவை வைத்துக்கொண்டு அக்கா பதினாலு மாதம் அடித்தார். தோல் பையில் மணலை நிரப்பி, அதன் மேல் தகட்டை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டுவார். மட்காட்டு, கதவு, வால், கடைசியாக பானெட். அந்த பானெட்டை நான் ஒரு முறை தூக்கிப் பார்த்தேன். எங்கள் கடையின் பேப்பர் பண்டல் நாலு சேர்ந்தால் அதைவிடக் கனம். வேலை முடிந்த ஒவ்வொரு தகட்டையும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்ப்பார். கண் ஏமாறுமாம், கை ஏமாறாதாம்.

வண்டி முடிந்ததும் ஷெட்டில் ஒரு சின்ன விருந்து. டிக்கி மூடி சரியாக உட்காரவில்லை என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போல் கருவிகளை அன்னக்கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். வந்திருந்த விருந்தாளிகளில் முத்துமாலை போட்ட ஒரு அம்மா, "இவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

ஸ்ரீவத்சன் சார் அன்னக்கூடையைப் பார்த்தார். சிரித்தார்.

"கேட்டரிங் பாத்திரம் எடுக்க வந்திருக்காங்க. பின்பக்கம் போங்கம்மா."

அக்கா பின்பக்கமாகப் போய், அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது குணா அண்ணன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்தது, அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று.

பங்குனி பிறந்த வாரம் குணா அண்ணன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். போட்டோ எடுக்கும்போது கேமரா ஸ்டாண்ட் விழுந்து பானெட் நடுவில் சொட்டையாகிவிட்டது. இரண்டு வாரத்தில் ஈ.சி.ஆரில் பழைய கார்களின் போட்டி. பானெட்டைப் பட்டறையில் இறக்கிவிட்டு, ஒரு பென்டிரைவோடு எங்கள் கடைக்கு வந்தார். வண்டிக்கு முன்னால் வைக்கும் பலகைக்குப் பிரின்ட் வேண்டுமாம்.

எங்கள் கலர் பிரின்டரில் எதை அடித்தாலும் வலது ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு விழும். யாராவது கேட்டால் அது டிசைன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் ஓனர். அந்தக் கோட்டோடு பேப்பர் வெளியே வந்தது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வண்டியின் வருஷம், இன்ஜின் அளவு. மூன்றாவது வரி: பாடி, ஹேண்ட்மேட் இன் இட்டாலி.

அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். படித்துக் காட்டினேன்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லு, இட்டாலியை இட்லின்னு மாத்திர்றேன். பத்து நாள் கழிச்சுத்தான் கவனிப்பான்."

அக்கா பேப்பரை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எழுத்து சின்னதா கீதே. பெருசாப் போடு. தூரத்துலேந்து தெளிவாத் தெரியணும்."

"அக்கா!"

"உன் விளையாட்டு உன் டிபன் பாக்ஸோட. இது என் வேலை."

அந்த வாரம் மூன்று நாள் பட்டறை வாசலில் அந்த பானெட் வெயிலில் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு அக்கா. மடியில் ஒரு அலாரம் கடிகாரம். முதல் நாள் மத்தியானம் ஒன்றரைக்கு "டொங்" என்று ஒரு சத்தம். யாரோ அண்டா மூடியைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அக்கா பானெட்டை உள்ளே எடுத்துப் போய் விளிம்பில் நாலு தட்டுத் தட்டினார். மறுநாள் "டொங்" பன்னிரண்டே காலுக்கு. மூன்றாம் நாள் பதினொன்று பத்துக்கு.

"அக்கா, இது தானா சத்தம் போடுதா?"

"உள்ள சட்டம் இரும்பு. மேல தோலு அலுமினியம். வெயில் ஏறினா ரெண்டும் நீளும், ஆனா தோலு அதிகமா நீளும். சொட்டை எடுக்கறப்ப தகடு கொஞ்சம் நீண்டுது இல்ல, அதை ஓரத்துல சுருக்கி அடக்கணும். நான் ஒரு ரூபா காசு அளவுக்கு அடக்காம விட்டு வெச்சிருக்கேன். நீண்டது எங்க போவும்? மேல எகிறும்."

"போட்டியில ஜட்ஜு எத்தினி மணிக்குப் பாக்கறாரு?"

"பதினொண்ணுக்கு. பச்சைப் பெயின்ட் அடிச்சா பத்து நிமிஷம் முந்தும்."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழிவாங்குவதை நான் அதுவரை ஒரு விளையாட்டாகத்தான் செய்திருந்தேன். இங்கே ஒருத்தர் அதைப் பெயின்ட்டின் நிறம் வரைக்கும் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பானெட்டை ஏற்றிக்கொண்டு போக குணா அண்ணன் வந்தார். ஷெட்டில் பெயின்ட் அடித்து மாட்ட வேண்டும், அக்காவும் கூடப் போகிறார். அக்கா கண்ணை மூடித் தடவிப் பார்த்து முடித்து, கை கழுவப் போனார். குணா அண்ணன் கயிறு தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது அரை நிமிஷம். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒன்று அடித்து வைத்திருந்தேன். பானெட்டின் உள்பக்கம், சட்டத்துக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். என் கணக்கு எளிது: டொங் என்றதும் பானெட்டைத் திறப்பார்கள், ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், இத்தாலி கிழியும். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அக்காவின் பெயரும் ஊரும் இருந்தன, போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கடை வாசலில் வந்து நின்றார். இடுப்பில் அன்னக்கூடை, அதற்குள் கொட்டாப்புளி, மணல் பை. "வரியா?" என்று மட்டும் கேட்டார். ஓனரிடம் வயிற்றுவலி என்றேன். மேடவாக்கம் கூட்டுரோட்டில் தண்ணி லாரிக்குப் பின்னால் பஸ் நின்றுபோனது.

"அக்கா, டொங்குன்னதும் அவன் மூஞ்சி எப்டிப் போவும்?"

"மூஞ்சிக்காக இல்லடி."

"அப்றம்?"

"நல்ல பேரு வந்தா இத்தாலின்றான். கெட்ட பேரு வந்தா? இத்தாலிக்காரன் தப்பா அடிச்சிட்டான்னு சொன்னா அவன் கவுரதை போச்சு. ஒடனே வேற ஆளைக் காட்டணும். யாரைக் காட்டுவான்? என்னைத்தான். திட்டறதுக்காவது என் பேரை அவன் வாயால சொல்லணும், அத்தினி பேர் எதிர்ல. அது வந்துட்டா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீயே போய்ச் சொல்லிட்டா இன்னாக்கா?"

"நான் சொன்னா, பாத்திரக்காரி ஒளர்றான்னுவான். எங்கயாவது எழுதி ஒட்டினா, திருட்டுத்தனமா வண்டில பேரு ஒட்டிட்டா, அவதான் பானெட்டையும் கெடுத்தான்னு போலீசைக் கூப்புடுவான். அவனேதான் சொல்லணும்."

பஸ் நகர்ந்தது. பானெட்டுக்குள் நான் ஒட்டிய ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்லக்கா," என்றேன். போய் எப்படியாவது கிழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

போட்டி நடந்தது கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட் புல்வெளியில். வாசல் செக்யூரிட்டி அன்னக்கூடையைப் பார்த்ததும், "கேட்டரிங் பின்பக்க கேட்டும்மா," என்றார். குணா அண்ணன் வாங்கிக் கொடுத்த பாஸ் அக்கா கையிலேயே இருந்தது. அக்கா அதைக் காட்டவில்லை.

"இதுவும் சேரட்டும்," என்று பின்பக்க கேட் வழியாகவே போனார்.

பச்சை வண்டி பளபளவென்று நின்றது. முன்னால் நான் அடித்த பலகை, வலது ஓரத்தில் மஞ்சள் கோட்டோடு. பக்கத்தில் ஸ்ரீவத்சன் சார், வெள்ளைக் கோட்டில். பானெட் பூட்டியிருந்தது, நெருங்க முடியவில்லை. அதைவிடப் பெரிய பேஜார் வேறொன்று: பெயின்ட் வெயிலில் காயக் கூடாது என்று வண்டி மேல் ஒரு பெரிய குடையை விரித்து வைத்திருந்தார்கள். நிழலில் பானெட் ஜில்லென்று இருந்தது. மணி பத்து நாற்பது.

அக்கா குடையைப் பார்த்தார். அக்கா முகத்தில் முதல் முறையாக ஒரு கலக்கத்தைப் பார்த்தேன்.

"அக்கா, அந்தக் கம்புல ஒரு ஊசி இருக்கும். அதை உருவினா குடை தானா மடங்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம சந்து டீக்கடைக் குடை ஏன் அடிக்கடி மடங்குதுன்னு அந்த அண்ணனைக் கேளு."

குடைக் கம்பில் சாய்ந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன். ஊசி வந்தது. குடை மெல்ல, மிகவும் மரியாதையாக, ஸ்ரீவத்சன் சாரின் தலைமேல் மடங்கி உட்கார்ந்தது. அவர் உள்ளேயிருந்து "குணா! குணா!" என்று கூப்பிட்டார். குணா அண்ணன் ஓடிவந்து, குடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

வெயில் பானெட் மேல் விழுந்தது. பதினொன்று அடித்து சில நிமிஷத்தில் ஜட்ஜ் வந்துவிட்டார். தேவானந்தம் என்று பெயர், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பானெட் இன்னும் சூடேற வேண்டும். அதுவரை அவரை அங்கேயே நிறுத்த வேண்டும்.

"பாடி இத்தாலியா?" என்றார் பலகையைப் பார்த்து.

"யெஸ் சார். நார்த் இட்டாலி. ஒரே ஃபேமிலி, நாலு ஜெனரேஷனா இதே வேலை."

நான் கூட்டத்திலிருந்து தலையை நீட்டினேன். "சார், அந்தத் தாத்தா பேரு என்ன சார்?"

"நீ யாரும்மா?" என்றார் ஸ்ரீவத்சன் சார்.

"ஸ்கூல் ப்ராஜெக்ட் சார்." பள்ளிக்கூடம் என்னை ப்ராஜெக்ட்டாகக்கூட வைத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியாது.

ஜட்ஜ் எதிரில் இருந்ததால் அவரால் என்னைத் துரத்த முடியவில்லை. "லூ... லூயிஜி," என்றார்.

"அவருக்கு எத்தனை பசங்க சார்?"

"ரெண்டு... மூணு."

"பாடி எதுல சார் வந்துச்சு, ஃப்ளைட்டா?"

"ஷிப்ல."

"எத்தனை நாள் சார் ஆச்சு?"

"நாப்பது நாள்மா, போதுமா?"

"கடல் காத்து பட்டிருக்குமே சார், ஒண்ணும் ஆகலையா?"

"அதெல்லாம் இத்தாலி வொர்க்மா. எதுவும் ஆகாது."

டொங்.

கல்யாண மண்டபத்தில் அண்டா மூடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். பக்கத்து வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தேவானந்தம் குனிந்து பானெட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது, டொக். விரலை எடுத்தார், வெளியே வந்தது, டொங். மறுபடியும் டொக், டொங்.

"நாலு தலைமுறை லூயிஜி இப்படியா சார் விடுவாரு?" என்றார். "திறங்க."

பானெட் திறந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஐந்து எண்ணினேன். யாரும் கத்தவில்லை. கண்ணைத் திறந்தேன். கறுப்புச் சட்டம், வெள்ளைத் தகடு, அவ்வளவுதான். ஸ்டிக்கர் இல்லை. சூட்டில் பசை விட்டு எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வந்தது.

ஸ்ரீவத்சன் சாருக்கு வியர்த்திருந்தது.

"சார், ஐ கேன் எக்ஸ்ப்ளெயின். இந்த பானெட்டுல ஒரு டென்ட் விழுந்துச்சு. இங்க சேலையூர்ல ஒரு லேடி, பாத்திரம் ஒடுக்கு எடுக்கறவ, சாமுண்டீஸ்வரின்னு பேரு. அவகிட்டக் குடுத்தேன். கெடுத்துட்டா. மத்ததெல்லாம் இட்டாலி."

வந்துவிட்டது. பெயரோடு, ஊரோடு, அத்தனை பேர் எதிரில்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அன்னக்கூடையைப் புல்லில் வைத்தார்.

"நான்தான் சார் சாமுண்டீஸ்வரி. பானெட் மட்டும்தான் நானா?"

"அம்மா, ப்ளீஸ், இங்க சீன் போடாதீங்க."

அக்கா அவரிடம் மேலே பேசவில்லை. கொட்டாப்புளியை எடுத்து, பிடி முன்னால் வருமாறு தேவானந்தத்திடம் நீட்டினார்.

"அய்யா, இதோட மூஞ்சியைப் பாருங்க. ஓரத்துல பிறை மாரி ஒரு செதில் போயிருக்கு. ஒம்போது வருஷமாச்சு, நான் மாத்தல. தட்டின எடத்துல எல்லாம் நகக்குறி மாரி வுழும். பானெட் உள்ள பாருங்க. அப்றம் மட்காட்டு உள்ள. அப்றம் கதவு."

தேவானந்தம் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். போன் டார்ச்சைப் போட்டு பானெட்டுக்குள் பார்த்தார். பிறகு வெள்ளைப் பேன்ட்டோடு மண்டி போட்டு மட்காட்டுக்கு அடியில் தலையை விட்டார். கதவு. வால். கொட்டாப்புளியை ஒரு குறிமேல் வைத்துப் பொருத்திப் பார்த்தார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது.

"ஸ்ரீவத்சன், லூயிஜியும் இவங்களும் ஒரே சுத்தியலையா வெச்சிருந்தாங்க?"

ஸ்ரீவத்சன் சார் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"பாடி யார் செஞ்சது?"

"...இவங்கதான்."

"எவ்வளவு?"

"முழுசும்."

அக்காவுக்கு அதுவும் போதவில்லை. பலகையை எடுத்து அவர் முன்னால் பிடித்தார். என்னைப் பார்த்து, "பேனா குடு," என்றார். கொடுத்தேன். அதை அக்கா ஸ்ரீவத்சன் சாரிடம் நீட்டினார்.

"இத்தாலியை அடிச்சிட்டு எழுதுங்க சார். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்ல."

ஸ்ரீவத்சன் சார் சுற்றிலும் பார்த்தார். எல்லா போனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'சாமுண்டி' என்று எழுதி நிறுத்தினார்.

"நிறுத்திட்டீங்களே. முழுப் பேரு."

எழுதினார்.

"ஊரு."

எழுதினார். கூட்டத்தில் அந்த முத்துமாலை அம்மா நிற்பதை அக்கா அப்போதுதான் பார்த்தார். பலகையை அவர் பக்கம் திருப்பினார்.

"அன்னிக்கு நான் யாருன்னு கேட்டீங்களேம்மா. படிச்சுக்குங்க."

அதற்குப் பிறகுதான் அக்கா மணல் பையை பானெட்டுக்கு அடியில் கொடுத்து, விளிம்பில் மூன்று தட்டு, எதிர் விளிம்பில் ஒன்று தட்டினார். தேவானந்தம் விரலால் அழுத்தினார். சத்தமில்லை. கைமுட்டியால் அழுத்தினார். பாறை மாதிரி நின்றது.

பொய்ப் பலகை வைத்ததற்காக அந்த வண்டியைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஸ்ரீவத்சன் சார் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டார்.

"முன்பக்க கேட்டு," என்றார் அக்கா. பலகையை அன்னக்கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டியின் எதிரிலேயே முன்வாசல் வழியாக வெளியே நடந்தார். பஸ் நிறுத்தத்தில் குணா அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, அவருக்கு இன்னொரு வண்டி இருக்கே. திரும்பி வேலை குடுத்தா செய்வியா?"

"வரட்டும். அன்னக்கூடையை இடுப்புல வெச்சிகினு, என் பட்டறைக்குப் பின்பக்கமா வரச் சொல்லு."

"உன் பட்டறைக்குப் பின்பக்கம் சாக்கடை இல்ல கீது?"

"ஆமா," என்றார் அக்கா.

மறுநாள் திங்கட்கிழமை. கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா வந்து பலகைப் பேப்பரைக் கவுன்டரில் விரித்தார். இத்தாலி மேல் குறுக்குக் கோடு, அதற்குக் கீழே ஸ்ரீவத்சன் சாரின் கோழிக் கிறுக்கல்.

"லேமினேஷன் போடணும்."

"போட்டுடலாம்க்கா."

அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்தார். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து, பலகைக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் நீவினார். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். 'உடம்பு செய்தவர்: சாமுண்டீஸ்வரி அக்கா, சேலையூர். மயனுக்கு அலுமினியம் தெரியாது.'

என் காது சூடானது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தால் டொங் என்றிருக்கும்.

"இது... இது இன்னாக்கா?"

"வியாழக்கிழமை ஷெட்டுல மாட்டறதுக்கு முன்ன இன்னொரு தபா தடவிப் பாத்தேன். கைல தட்டிச்சு."

"யாரு ஒட்டினாங்களோ. குணா அண்ணனா இருக்கும். அவரு அப்படித்தான், எதாவது..."

அக்கா ஸ்டிக்கரைப் பலகைப் பேப்பரோடு ஓரம் சேர்த்து வைத்தார். பேப்பரின் வலது ஓரத்தில் மயிரிழை மஞ்சள் கோடு. ஸ்டிக்கரின் வலது ஓரத்திலும் அதே கோடு. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டிசைன்க்கா," என்றேன்.

"ரெண்டையும் ஒண்ணாப் போடு," என்றார். "கோணலா வெக்காத, பானெட்டுல ஒட்டினியே, அந்த மாரி."